இரண்டாவது ஸ்டிக்கர்

அன்புள்ள அக்கா,

போர்வைக்குள் போன் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். டாக்டர் படிப்புக்கு முந்தைய நாலு வருஷத்தை எங்கே படிப்பது என்று நாளை முடிவு சொல்ல வேண்டும். அப்பா வண்டியில் உன் பல்கலைக்கழக ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் எனக்காக இரண்டாவதாக ஒன்றையும் ஒட்டிவிட்டார். "என் வீட்ல ரெண்டு டாக்டர்!" என்று பக்கத்து வீட்டு ஹால்வர்சனிடம் பெருமை வேறு.

உன் வேதியியல் வகுப்புக்கு என்னையும் கூட்டிப்போனாயே, அன்று நானூறு பேர் நடுவில் எழுந்து, "அந்தச் சமன்பாடு தப்புங்க," என்றாய். பேராசிரியரும் திருத்தினார். நான்தான் நாற்காலியில் குனிந்துகொண்டேன். உன்னைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

போன வாரம், எனக்கு இடம் கொடுத்திருக்கும் இன்னொரு சின்னக் கல்லூரியைப் பார்க்கப் போனேன். வகுப்பில் பன்னிரண்டு பேர் ஆட்டின் இதயத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மயங்கி விழுந்துவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

கண் விழித்தபோது பேராசிரியை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "பயப்படாதம்மா. போன வருஷம் விழுந்தவதான் இப்ப கத்தி புடிச்சிருக்கா," என்றார். கத்தி பிடித்தவள் திரும்பி, "தரை சில்லுன்னு நல்லாருக்குல்ல?" என்றாள்.

நீ விழமாட்டாய், அக்கா. நான் இன்னும் பலமுறை விழுவேன். விழுந்தால் யாராவது கவனிக்கிற இடம் எனக்கு வேண்டும். உன் அறையில் எனக்காக வைத்திருக்கும் ஜன்னலோரக் கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடு.

காலையில் அப்பாவிடம் சொல்லப்போகிறேன். அந்த நேரம் நீ போனில் இரு. இரண்டாவது ஸ்டிக்கரை நானே சுரண்டி எடுத்துவிடுவேன். உன்னுடையது இருக்கட்டும். எழுந்து பேசலாம் என்று எனக்குக் காட்டியவள் நீதானே.

உன் பயந்தாங்கொள்ளித் தங்கை