எக்ஸ்ரே கதவு திறந்து கிடந்த நாளில் எடுத்த அளவு

அனுப்புநர்:
மு. ராஜாங்கம்,
தொலைபேசி இணைப்பாளர்,
வேதவல்லி நினைவு மருத்துவமனை, புதுச்சேரி.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
மேற்படி மருத்துவமனை.

பொருள்: பிரசவ அறை கார்ட்லெஸ் போனுக்கு அலை தரும் பெட்டியை இடம் மாற்றிப் பொருத்த வேண்டுவது தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு,

1. நம் கட்டடம் பிரெஞ்சுக்காரர் காலத்தது. சுவர் இரண்டரை அடி கனம். கார்ட்லெஸ் போன் பெட்டிகளை எங்கே மாட்டுவது என்று ஒப்பந்த நிறுவனத்தார் அளவெடுத்தது நவம்பர் முதல் தேதி, விடுதலை நாள் விடுமுறையன்று. பெயிண்ட் காய்வதற்காக எக்ஸ்ரே அறையின் இரு கதவுகளும் அன்று திறந்து கிடந்தன. எக்ஸ்ரே அறைக்கு அப்பால் வைத்த பெட்டியின் அலை அந்த வழியே பிரசவ அறை வரை போயிருக்கிறது. ஈயத்தகடு அடித்த அந்தக் கதவுகள் வேலை நாளில் சாத்தியிருக்கும், அலையை மறிக்கும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

2. பெட்டிகளைத் தற்காலிகமாகக் கட்டிவைத்துச் சோதித்த நவம்பர் 19 அன்று, வரலட்சுமி என்ற தாய்க்குப் பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு நிற்கவில்லை. செவிலியர் வினோதா மருத்துவரை அழைக்க, பாதிப் பேச்சில் போன் ஊமையானது. வினோதா செருப்பை உதறிவிட்டு மாடிக்கு ஓடி மருத்துவரை அழைத்து வந்தார். தாயும் பிள்ளையும் நலம். புண்ணியம் வினோதாவின் கால்களுக்கு.

3. அதன்பின் நானே அளவெடுத்தேன். கதவுகளைச் சாத்தி, போனைக் காதில் வைத்து நான் நடக்க, மறுமுனையில் வினோதா ஒன்று, இரண்டு என்று எண்ணினார். குரல் அறுந்த இடத்திலெல்லாம் தரையில் சாக்பீசால் குறி போட்டேன். நான்கு நாளில் முப்பத்தேழு குறிகள். அவற்றில் இருபத்தொன்பது பிரசவ அறைப் பக்கம். "ராஜாங்கம் அண்ணனுக்கு மறை கழண்டுபோச்சு, தரையப் பாத்துக்கினே நடக்குறாரு" என்று கேண்டீனில் பேச்சு. சேதி ரெட்டியார்பாளையத்தில் என் வீடு வரை போய், "அந்தப் பொண்ணுகிட்ட நாலு நாளா அப்படி என்னதான் பேசறீங்க?" என்று என் மனைவி கேட்டார். நூறு வரை எண்ணினோம் என்ற உண்மையைச் சொன்னேன், இன்றுவரை நம்பவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் என்மேலும் ஒரு வதந்தி கிளம்பியதில் எனக்குச் சிறு மகிழ்ச்சி உண்டென்பதைத் தங்களிடம் மறைப்பதற்கில்லை.

4. குறிகளின்படி வரைந்த படத்தை இணைத்துள்ளேன். எக்ஸ்ரே அறைக்கு அப்பால் உள்ள பெட்டியைப் பிரசவ அறை வராந்தாவின் திருப்பத்தில் மாட்டினால் போதும். "போன் எடுக்கிறவருக்கு அலையைப் பற்றி என்ன தெரியும்" என்கிறார்கள் நிறுவனத்தார். இருபத்தாறு ஆண்டுகளாக இங்கே அறுந்த பேச்சுகளை ஒட்டவைப்பதே என் தொழில் என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

5. வரும் சனிக்கிழமை சுவரில் துளை போடுகிறார்கள். அதற்கு முன் வெள்ளியன்று, பெட்டியை நான் சொன்ன இடத்தில் கட்டிவைத்து, தாங்களே போனுடன் பிரசவ அறையில் நின்று பார்க்க வேண்டுகிறேன். குரல் ஒருமுறை அறுந்தாலும் இம்மனுவைக் கிழித்துப் போடலாம். அறுபடாவிட்டால் இடமாற்றத்துக்கு உத்தரவிட வேண்டும். துளைக்கான பென்சில் குறியை நானே போட்டுத் தருவேன். அதன் பக்கத்தில் என் பெயரைச் சின்னதாக எழுதாமல் இருப்பேன் என்று மட்டும் வாக்களிக்க இயலவில்லை.

இடம்: புதுச்சேரி
நாள்: 03.12.2024

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) மு. ராஜாங்கம்