முன்கூட்டிக் கொடுத்த நேர்த்தி

கீரி, மன்னார்
20.08.2023

என் செல்ல மகள் ஜெனிஸ்ராவுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதாவின் காவலில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு முழங்கால் நோவைத் தவிர ஒரு குறையுமில்லை. இருந்தாலும் சொல்லிக்கொள்ள வீட்டில் ஆளில்லை. நவசந்நியாச வருஷம் முழுக்க மடத்தில் போன் தரமாட்டார்கள் என்றதும் எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது பார்த்தால் அதுவும் நல்லது. போனில் நீ "ம், ம்" என்று மட்டும்தான் சொல்லுவாய். கடிதத்தில் அந்த விளையாட்டு நடக்காது.

மடுத் திருநாளுக்குப் போய்வந்தேன். நண்டுக் கம்பனியில் லீவு கேட்க, சுப்பவைசர் பொடியன் "அன்ரி, நீங்கள் போனால் சதை பிரிக்க ஆர் இருக்கினம்?" என்று முகத்தைச் சுளித்தான். "மாதாவிட்டக் கேட்டுச் சொல்லுறன்" என்றுவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டு றோஸ்மேரி குடும்பத்தோடு கொட்டில் போட்டுத் தங்கினோம்.

மாதாவின் முன்னால் நின்று வழக்கம்போல நியாயம் கதைத்தேன். "சண்டை முடிஞ்ச வருஷம் இந்தப் பிள்ளையைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு இதே இடத்திலதான் நேர்ந்தனான். என்ர மனிசனைத் திருப்பித் தா, என்ர ஒரே பிள்ளையை உனக்குத் தாறன் எண்டு. நீ தரயில்லை. சரி, ஏலத்தில முந்திக் காசு வைக்கிறவனுக்குத்தான் நல்ல மீன் எண்டு நான் பிள்ளையை முந்தித் தந்திட்டன். மார்கழி எட்டிலை கன்னியாஸ்திரியா வார்த்தைப்பாடு குடுக்கப்போறாள். இனி உன்ர பக்கம்தான் மிச்சம்" என்றேன். பக்கத்தில் நின்ற ஒரு மனிசி என்னைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டது.

றோஸ்மேரியின் மூத்தவளுக்கு அடுத்த மாதம் கலியாணம். ஆலாத்தி எடுக்க என்னைக் கூப்பிடுவதா விடுவதா என்று அவளுக்கு யோசனை. கேட்காமல் கேட்டாள். "என்ர மனிசன் வள்ளத்து மெஷினுக்குப் பிளக் வாங்க ரவுனுக்குப் போனவர், திரும்பி வரயில்லை. அவர் செத்ததை ஆர் கண்டது?" என்றேன். பதினைந்து வருஷமாக இந்த ஊருக்கு நான் சுமங்கலியா இல்லையா என்று முடிவெடுக்கத் தெரியவில்லை.

வார்த்தைப்பாட்டன்று தாயும் தகப்பனும்தான் பிள்ளையைப் பீடத்துக்குக் கூட்டிவரவேண்டும் என்று எழுதியிருந்தாய். முன்வரிசையில் இரண்டு கதிரை போடச் சொல்லு. அவர் வர நேரமானால் மற்றது வெறுமையாக இருக்கட்டும்.

முத்தங்களுடன்,
அம்மா மேரிசெல்வி

*

யாழ்ப்பாணம்
10.09.2023

என் அன்பு அம்மாவுக்கு,

நான் சுகம். காலையில் மடத்துப் பாலர் பாடசாலையில் சின்னப்பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க விட்டிருக்கிறார்கள். என்னை "குட்டி சிஸ்ரர்" என்று கூப்பிடுகிறார்கள். அந்த நேரம் எனக்கு ஒன்றும் நினைவில் வருவதில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அம்மா, ஒரு விஷயம் கேட்கவேண்டும். கோபிக்காமல் வாசியுங்கள்.

வார்த்தைப்பாட்டுக்கு முன்னர் நாங்கள் ஒவ்வொருவரும் மதருக்குக் கைப்பட எழுதிக் கொடுக்கவேண்டும். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் என் சொந்த விருப்பத்தில் கேட்கிறேன் என்று எழுதவேண்டும். மற்றப் பிள்ளைகள் ஒரே மூச்சில் எழுதி முடித்தார்கள். நான் வெள்ளைத்தாளோடு இருந்தேன். எங்களுக்குப் பொறுப்பான சிஸ்ரர் பிரேமிளா வந்து பக்கத்தில் இருந்து, "நீர் ஏன் பிள்ளை மடத்துக்கு வந்தனீர்?" என்று கேட்டார். "அப்பா வாறதுக்கு" என்று வாயில் வந்துவிட்டது.

சிஸ்ரர் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது அழைத்தல் இல்லைப் பிள்ளை, பணயம். நேர்ந்தது அம்மா, விடவேண்டியதும் அம்மாதான். அவவுக்கு எழுதும்" என்றார்.

எனக்கு மடத்தில் வெறுப்பில்லை அம்மா. ஆனால் செபிக்கும்போது என் காது படலையில்தான் இருக்கிறது. வாசல் மணி அடித்தால் அப்பாவாக இருக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இல்லையென்றால் என் செபத்தில்தான் குறை என்று நினைக்கிறேன். கொஞ்ச நாள் இரவுச் சாப்பாட்டை விட்டுப் பார்த்தேன். சிஸ்ரர் கண்டுபிடித்துப் பேசினார்.

மடுவுக்குப் போய், "என் பிள்ளையை விட்டுவிட்டேன்" என்று ஒரு சொல் சொல்லுங்கள். பிறகு இருப்பதா வருவதா என்று நானே யோசித்துக்கொள்கிறேன். ஒருவேளை இருந்தாலும் இருப்பேன். ஆனால் அது நான் இருப்பதாக இருக்கும்.

என்றும் உங்கள் மகள்,
ஜெனிஸ்ரா

*

கீரி
24.09.2023

மகள் ஜெனிஸ்ராவுக்கு,

உன் கடிதத்தைக் கம்பனி வாசலில் நின்று, நண்டு மணக்கிற கையோடு வாசித்தேன். வாசித்துவிட்டு அன்று பிரித்த சதை முழுக்க ஓட்டுத்துண்டு என்று பேச்சும் வாங்கினேன்.

உங்கள் சிஸ்ரர் படித்தவ, நல்லவ. ஆனால் அவவுடைய மனிசன் ஒருநாளும் பிளக் வாங்கப் போகவில்லை. பணயமாம்! பிள்ளை கேட்டு நேருகிறார்கள், நோய் மாற நேருகிறார்கள், அதெல்லாம் நேர்த்தி. நான் நேர்ந்தால் மட்டும் பணயமா?

நான் உன்னைத் திருப்பிக் கேட்டால் மாதா என்ன நினைப்பா? "சரி மேரிசெல்வி, உன்ர பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ, என்னட்டக் கேட்டதையும் மறந்திடு" என்பா. உன்னை விடுவது அவரை விடுவதுதான். அவர் வரமாட்டார் என்று என் வாயால் சொல்லுவதுதான். முகாமிலும் கந்தோரிலும் எத்தனை பேர் என்னிடம் அந்த ஒரு சொல்லை வாங்கப் பார்த்தார்கள். ஒருவருக்கும் நான் கொடுக்கவில்லை. இப்போது நீ கேட்கிறாய்.

உனக்கு அங்கே நேரத்துக்குச் சோறு இருக்கிறது, படுக்கக் கட்டில் இருக்கிறது, கதைக்க ஆளிருக்கிறது. அவர் எந்த இருட்டறைக்குள் இருக்கிறாரோ, ஆர் கண்டது. உங்கள் இரண்டு பேரில் ஒருவரைத்தான் தருவேன் என்று மாதா சொன்னால், நான் அவரைத்தான் கேட்பேன். உன் மேல் பாசம் இல்லாமலில்லை. நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

கலியாணம் நன்றாக முடிந்தது. ஆலாத்தி நான்தான் எடுத்தேன். றோஸ்மேரியின் தம்பியிடம் பனங்கட்டிக் குட்டான் கொடுத்துவிட்டிருக்கிறேன். சாப்பாட்டை விடுகிற பழக்கத்தை இன்றோடு நிற்பாட்டு.

அம்மா

*

யாழ்ப்பாணம்
08.10.2023

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதமும் பனங்கட்டியும் கிடைத்தன. எல்லோருக்கும் பகிர்ந்தேன், நல்ல இனிப்பு என்றார்கள்.

நீங்கள் எழுதியது விளங்கியது. மதருக்குக் கொடுக்கவேண்டியதை எழுதப்போகிறேன். என் சொந்த விருப்பம் என்றே எழுதுகிறேன். கார்த்திகை நடுப்பகுதிக்குள் கொடுக்கவேண்டுமாம். அந்தப் பொய்யை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதா, நீங்கள் சொல்வதா என்று மட்டும் தெரியவில்லை.

இரண்டு கதிரைக்கும் சொல்லிவிட்டேன். போடுவார்கள்.

இப்படிக்கு,
நீங்கள் கொடுத்துவிட்ட ஜெனிஸ்ரா

*

கீரி
03.11.2023

என் தங்க மகளுக்கு,

உன் கடிதத்தில் கடைசி வரியை வாசித்த நாளிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. கத்தி கையில் இறங்கித் தையலும் போட்டாயிற்று. பெரிதாக ஒன்றுமில்லை, பயப்படாதே. "நீங்கள் கொடுத்துவிட்ட" என்று கையெழுத்து வைக்கிற அளவுக்கு உன்னைக் கொண்டுவந்துவிட்டேனே என்று என்னையே பேசிக்கொண்டு திரிந்தேன்.

நேற்று மரித்தவர்களின் திருநாள். கல்லறைகளுக்கு நடுவில், சேமக்காலையில்தான் பூசை. போன வருஷம் உபதேசியார் தெரியாத்தனமாக அப்பாவின் பெயரையும் செத்தவர்களோடு சேர்த்துவிட்டார் என்று கோயில் முற்றத்தில் நான் ஆடின ஆட்டம் உனக்குத் தெரியும். இந்த முறை நானே பாதரிடம் போனேன். "அருளப்பன்" என்றேன். பாதர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்கா, வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறீங்களோ?"

"யோசிச்சால் சொல்லமாட்டன் பாதர். எழுதுங்கோ" என்றேன்.

மகள், நான் மாதாவோடு பேசினது, அவர் வந்தால் நீ என்றுதான். அவர் வரமாட்டார் என்று நானே சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு முடிந்தது. அவவும் எனக்குத் தரவேண்டியதில்லை, நானும் அவவுக்குத் தரவேண்டியதில்லை. உன்னை வெளியே எடுக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. மடுவுக்குப் போய் ஒரு சொல் சொன்னால் போதும் என்று நீ எழுதினாய். எனக்கு அப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அவர் வரவைப் பார்த்துக்கொண்டும் இருக்க முடியாது. ஒன்றில் அவர், அல்லது நீ.

அந்தோனிமுத்து என்ற பெயருக்கும் அன்னம்மா என்ற பெயருக்கும் நடுவில் அவரை வாசித்தார்கள். சனம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. பூசை முடிந்து எல்லோரும் அவரவர் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தினார்கள். எனக்குக் கல்லறை எங்கே? நடுவில் நிற்கிற பெரிய சிலுவையடியில் கொளுத்தினேன். கடலில் போனவர்களின் பெண்சாதிகளும் என்னைப்போன்றவர்களும் அங்கேதான் நின்றோம். ஒருத்தி தள்ளி நின்று எனக்கு இடம் விட்டாள்.

தாலியை என்னால் கழற்ற முடியவில்லை. றோஸ்மேரிதான் கழற்றினாள், அவள்தான் அழுதாள். எனக்கு அழுகை இன்று காலையில்தான் வந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் கிழமையில் அவருடைய சேட்டுகளைத் தோய்த்துக் காயவைத்து அலுமாரியில் மடித்து வைப்பேன், உனக்குத் தெரியும்தானே. வாளியில் தண்ணீரை நிரப்பிவிட்டுத்தான் நினைவு வந்தது. அதற்குப் பிறகு வாளிக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டேன்.

மதரிடம் கொடுத்ததைத் திருப்பி வாங்கு. கொடுக்காவிட்டால் கிழி. போன கடிதத்தில் நான் எழுதினதை மனதில் வைத்திருக்காதே. வீட்டுக்கு வா மகள்.

உன்னை விட்டுவிட்ட,
அம்மா

*

பாலர் பாடசாலை, வவுனியா
22.11.2023

என் அன்பு அம்மாவுக்கு,

கையில் தையல் வெட்டியாயிற்றா? தண்ணீர் படவிடாதீர்கள்.

உங்கள் கடிதம் வரும்போது நான் எழுதினதை மதரிடம் கொடுத்திருக்கவில்லை. தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். உங்கள் கடிதத்தை சிஸ்ரர் பிரேமிளாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் என்னைச் சிற்றாலயத்தில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். அம்மா, நான் அப்பாவுக்காக அழுதேன். ஆறு வயதிலிருந்து ஒருவரும் எனக்கு அழ அனுமதி தரவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. அழுதால் அவர் செத்துவிட்டார் என்று ஆகிவிடும் என்று நீங்கள் வாயைப் பொத்துவீர்கள்.

பிறகு, இருக்கலாமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இருக்க ஒரு காரணமும் வரவில்லை. மதர் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துத்தான் அனுப்பினார். சிஸ்ரருக்குத் தெரிந்த ஜெஸ்லியா ரீச்சர் இங்கே நடத்துகிற பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன். அவவின் வீட்டிலேயே ஓர் அறை தந்திருக்கிறா.

வவுனியாவில் இறங்கும்போது மன்னார் பஸ் நின்றது. கொண்டக்டர் "ஏறுங்கோ தங்கச்சி, சீற் இருக்கு" என்றார். நான் ஏறவில்லை.

அம்மா, முந்தின கடிதத்தை மனதில் வைத்திருக்காதே என்றீர்கள். இரண்டு கடிதமும் என்னிடம் இருக்கின்றன. இரண்டும் உண்மை. ஒன்றில் நீங்கள் அப்பாவைக் கேட்டீர்கள். மற்றதில் எனக்காக அவரை விட்டீர்கள். நான் வீட்டுக்கு வந்தால், என்னைப் பார்க்கும் நேரமெல்லாம் என்ன கொடுத்து என்னை வாங்கினீர்கள் என்று நினைப்பீர்கள். நானும் அந்த விலைக்குத் தகுதியாக நடக்கப் பார்ப்பேன். மடத்திலும் அதைத்தானே செய்தேன்? இன்னொரு முறை அப்படி இருக்க எனக்குப் பெலன் இல்லை.

இது கோபமில்லை. கோபமென்றால் வந்து சண்டை பிடித்திருப்பேன். போன் இன்னும் வாங்கவில்லை. வாங்கினாலும் கொஞ்ச நாளைக்கு எழுதிக்கொள்வோம். உங்கள் குரல் கேட்டால் வந்துவிடுவேன்.

உங்கள்,
ஜெனிஸ்ரா

*

கீரி
08.12.2023

என் மகளுக்கு,

இன்று மார்கழி எட்டு. வேறு போக்கிடம் இல்லாததால் வேலைக்குப் போய்வந்தேன். தையல் வெட்டியாயிற்று, காயம் ஆறிவிட்டது.

நீ எழுதினது சரி. அந்த முந்தின கடிதம் கோபத்தில் எழுதினது என்று சொல்லி உன்னைக் கூப்பிட மாட்டேன். அன்று என் மனம் அதுதான். பக்கத்தில் நின்ற பிள்ளையை விட்டுவிட்டுப் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ வளர்ந்ததையே நான் சரியாகப் பார்க்கவில்லை. உனக்கு அனுப்ப உன் பாவாடை சட்டைகளைப் பார்சல் கட்டும்போது, நீ இவ்வளவு உயரமா என்று அதிசயப்பட்டேன். அதை எண்ணி எண்ணித்தான் இனி என் காலம் போகும்.

நீ மடத்தை விட்டது ஊருக்குள் தெரிந்துவிட்டது. நேற்று றோஸ்மேரியின் மாமியார் படலையில் நின்று, "எங்க உன்ர மகள்?" என்று கேட்டது. "வருவாள்" என்றேன். சொன்னதும் வாய் கைத்தது. உன் அப்பாவைக் கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்னது அந்த ஒரு சொல்தான். அதே படலையில் நின்றுதான் சொன்னேன். இன்னொரு ஆளுக்கு அதைச் சொல்லிக்கொண்டு நிற்க எனக்கும் பெலன் இல்லை மகள்.

உன்னை இப்போதே வரச் சொல்லி இந்தக் கடிதம் எழுதவில்லை. ஒரு திகதி மட்டும் எழுது. அடுத்த வருஷமாக இருக்கட்டும், அதற்கும் அடுத்த வருஷமாக இருக்கட்டும். வந்து ஒரு பகல் இருந்துவிட்டுப் போகிற நாளாக இருந்தாலும் போதும். எந்த நாள் என்று தெரிந்தால் நான் காத்திருப்பேன்.

அம்மா