பந்தைப் பார்க்காமல்

சேர்,

மகளுக்குப் புதுப் பந்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வெயிலில் கிடந்து சூடான ரப்பர் வாசம் வீடெல்லாம் வீசுகிறது. முற்றத்துச் சீமெந்தில் அவள் அதைத் தட்டத் தட்ட, சமையலறையில் நிற்கும் என் தலை தானாகக் குனிகிறது. இத்தனை காலம் கழித்தும் இந்தத் தலைக்குப் புத்தி வரவில்லை.

மாத்தளையில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் ஆசிரியராக வரும்வரை கூடைப்பந்து என்ற பேச்சே கிடையாது. தேயிலைப் பெட்டிப் பலகையில் வளையம் மாட்டினீர்கள். நெட்டைப் பெண்பிள்ளைகளைத் தேடித் தேயிலைத் தோட்டம் தோட்டமாக ஏறினீர்கள். எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து என் உயரத்தை விசாரித்தபோது, "மாப்பிள்ளை யாரு சேர்?" என்று அப்பா கேலி செய்தார். நீங்களோ என் தோளுக்குத்தான் இருந்தீர்கள்! ஆனால் சில வருடங்களில் பள்ளி அதிபரின் அலமாரியில் வெற்றிக் கிண்ணம் வைக்க இடமில்லாமல் போயிற்று.

"பந்த பாக்காத புள்ள, ஆள பாரு. பந்து எங்கயும் ஓடிப்போகாது" என்று அதட்டுவீர்கள். குனிந்து தட்டுகிறவளுக்கு மைதானத்தைச் சுற்றி ஓட்டம்தான் தண்டனை.

கலேவெலைக்கு இறுதிப் போட்டிக்குப் போன காலை. யுத்த காலம். தம்புள்ளைக்குக் கிட்டச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். உங்கள் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்த சிப்பாய் ஒருவன் பையைத் திறந்து பந்தை எடுத்தான். எங்களைவிடக் கொஞ்சம்தான் மூத்தவனாக இருப்பான். இந்தப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்குகிறேன் என்று நீங்கள் சிங்களத்தில் சொன்னீர்கள். "அப்போ தட்டிக்கிட்டே பஸ்ஸச் சுத்தி ஓடு" என்றான், அவனும் சிங்களத்தில். மற்றவர்கள் சிரித்தார்கள்.

வெள்ளைச் சட்டையும் கழுத்தில் விசிலுமாக ஓடினீர்கள். அவன் போதும் என்று சொல்லும்வரை ஓடினீர்கள். நாங்கள் வரிசையாக நின்று காலிலிருந்த சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உங்களை அந்தக் கோலத்தில் பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்தோம். நான் ஒரு தடவை மட்டும் நிமிர்ந்தேன். நீங்கள் பந்தைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி எங்களைத்தான் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். நான் மறுபடியும் குனிந்துகொண்டேன்.

அன்று வென்றோம். ஆட்டம் முழுக்க நீங்கள் ஒருத்தியைக்கூட அதட்டவில்லை. அடுத்த பள்ளித் தவணையில் எங்களைப் பழக்க வேறொரு டீச்சர் வந்தார். முழங்கால் வலி என்றீர்கள். நம்புவது வசதியாக இருந்ததால் நம்பினோம். அதற்குப் பிறகு நீங்கள் விசிலைக் கையால் தொடவேயில்லை.

உங்கள் மரண வீட்டில் உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "முழங்கால்ல ஒன்னும் இல்லம்மா. 'என்னய பாக்கவே புள்ளைங்களுக்கு வெக்கமா போச்சி, இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அதட்டுறது'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

சேர், நாங்கள் வெட்கப்பட்டது உங்களைப் பார்த்து அல்ல. ஒன்றும் செய்ய முடியாமல் நின்ற எங்களை நினைத்து. அதை உங்களுக்குச் சொல்ல வாய்கூடத் திறந்திருக்க வேண்டாம், முகத்தைப் பார்த்திருந்தால் போதும். உங்களை அந்த மைதானத்திலிருந்து அனுப்பியது அந்தச் சிப்பாய் மட்டுமல்ல என்ற நினைப்பு என்னை விடுவதாயில்லை.

இப்போது முற்றத்துக்குப் போய் மகளிடம் சொன்னேன்: "பந்த பாக்காத, ஆள பாரு."

அவள் நிமிர்ந்தாள். என்னையே பார்த்தபடி தட்டிக்கொண்டு வந்தாள்.

"நீங்க ஏம்மா கீழ பாக்குறீங்க?" என்றாள்.