கீழே நிற்க ஓர் ஆள்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள் மேலே சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது. இரு, பார்த்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். ஒன்றுமில்லை. உன் அப்பா சாரத்தின் மேல் நின்றுகொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். டீ வேண்டுமா என்று கேட்டேன். "இப்பத்தான குடிச்சேன்" என்று எரிந்து விழுந்தார். எரிந்து விழுந்தால் பரவாயில்லை, சாரத்திலிருந்து விழாமல் இருந்தால் சரி என்று உள்ளே வந்துவிட்டேன்.

ஆமாம், நீ சரியாகத்தான் படித்தாய். சாரத்தின் மேல்தான். தலைச்சுற்றல் வந்து குளியலறையில் விழுந்த மனிதர். இனி நாற்காலி மேல்கூட ஏறக் கூடாது என்று டாக்டர் என் முன்னால்தான் சொன்னார். இவரும் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினார். ஏணி வேறு, நாற்காலி வேறு என்று இப்போது எனக்கே வியாக்கியானம் சொல்கிறார்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போன் கூடத்தில் இருக்கிறது, அதற்குப் பக்கத்து நாற்காலியில் அவர் இருக்கிறார். நீ போன் செய்தால் அவர் எழுந்து வெளியே போவதில்லை, பேசுவதும் இல்லை. செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒரு பக்கத்தையே படித்துக்கொண்டிருப்பார். அந்தச் செய்தித்தாளை வைத்துக்கொண்டு நான் என்னத்தைச் சொல்வது? அதனால்தான் கடிதம்.

விஷயம், மழைத் தண்ணீர் ஓடும் கூரை வாய்க்கால். நம் வீட்டுக்கு வெளியே குழாய் தொங்காது, கூரையின் விளிம்புக்குள்ளேயே பெட்டி மாதிரி மரத்தில் வாய்க்கால் கட்டி, உள்ளே செப்புத் தகடு விரித்திருக்கிறது என்பது உனக்குத் தெரியும். தெருவிலிருந்து பார்த்தால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதுதான் அழகு, அதுதான் தொல்லையும். வெளியே தொங்கும் குழாய் ஒழுகினால் தெருவில் ஒழுகும். இது ஒழுகினால் வீட்டுக்குள் ஒழுகும். போன மழையில் உன் அறையின் முன்சுவர் முழுக்க ஊறி உப்பிவிட்டது. தகட்டைப் பிரித்துப் பார்த்தால் அடியிலிருந்த மரம் கேக் மாதிரி பொலபொலவென்று உதிர்கிறது. இன்னொரு மழைக்காலம் தண்ணீர் உள்ளே இறங்கினால் உத்தரத்தின் முனையே நிற்காது, அப்புறம் வீட்டை வாங்கக்கூட ஆள் வரமாட்டான் என்று தச்சர் சொல்லிவிட்டார். மரத்தை அவர் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

தகடு போட வந்தவர்தான் பாதியில் கோபித்துக்கொண்டு போனார். வேலை செய்யும்போது ஓயாமல் சீட்டி அடிப்பதால் அவரை விசில்காரர் என்றுதான் கூப்பிடுகிறோம். நல்ல வேலைக்காரர். உன் அப்பா சும்மா இருந்திருக்கலாம். காலமெல்லாம் தையல் கடையில் துணி வெட்டிய கை, சும்மா இருக்குமா? வெயிலில் தகடு நீளும், குளிரில் சுருங்கும், தகடும் தகடும் சேரும் மூட்டுக்கு இன்னும் தாராளமாக இடம் விட வேண்டும், அக்குளில் இறுக்கித் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது என்று கீழே நின்றுகொண்டு ஒரே பாட்டு. விசில்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒரு நாள் இவர் போய் அவர் ஈயம் வைத்துப் பற்றவைத்த மூட்டு ஒன்றையே பிரித்து வைத்திருக்கிறார்! "அப்போ நீங்களே தச்சுக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சாரம் மட்டும் நிற்கிறது. மறுநாள் காலையில் பார்த்தால் இவர் மேலே.

மறுபடியும் சத்தம் நின்றுவிட்டது. இரு.

அதே கதைதான். தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சுத்தியல் அடித்தால் எனக்குத் தலைவலி, அடிக்காவிட்டால் நெஞ்சுவலி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை வாசலுக்கும் அடுப்புக்கும் ஓடுகிறேன் என்று எனக்கே தெரியாது.

நாளைக்கு வாய்க்காலில் தண்ணீர் நிரப்பிச் சோதனையாம். தண்ணீர் இறங்கும் ஓட்டையில் துணியைச் சுருட்டி அடைத்துவிட்டு, மேலே ஒருவர் தண்ணீர் ஊற்ற வேண்டும், கீழே ஒருவர் உள்ளே நின்று மேற்கூரையைப் பார்த்து எங்கே சொட்டுகிறது என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் கீழ் ஆள் நீதான். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து நிற்பாய். ஒரே ஒரு சொட்டு வந்தாலும் "அப்பா, ஒழுகுது! ஒழுகுது!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாய். அவருக்கு அதில் அப்படி ஒரு பெருமை. இப்போது அந்த வேலை எனக்கு.

உடம்பைப் பார்த்துக்கொள். தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்ததும் சாப்பிடாமல் படுக்காதே.

இப்படிக்கு,
எழுந்து எழுந்து ஓடும் உன் அம்மா


அன்புள்ள மகளுக்கு,

உன் பதில் கிடைத்தது. என்னைத் திட்டி என்ன புண்ணியம்? ஏணியை ஒளித்து வைக்கச் சொல்கிறாய். அது என்ன, எண்ணெய்க் கிண்ணமா?

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

சோதனை அன்று காலையிலிருந்தே மேகம். இவர் மேலே குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருந்தார், நான் அறை அறையாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கூடம் காய்ந்திருந்தது. சின்ன அறை காய்ந்திருந்தது. உன் அறைக் கதவைத் திறந்தேன். ஜன்னலுக்கு மேலே ஒரு பொட்டு, கறுப்பாக. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பருத்து, டக் என்று தரையில் விழுந்தது. மேலே இருந்து இவர் குரல்: "என்ன? எங்கயாவது இருக்கா?" அந்தக் குரலில் மூச்சு வாங்கியது. சொட்டுகிறது என்று சொன்னால் அன்றைக்கே தண்ணீரை வடித்து, அன்றைக்கே பிரித்து, மழை வருவதற்குள் மறுபடியும் முழுக்கப் பற்றவைப்பார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் சாரத்தில் அவர் கால் தெரிந்தது. ஆடுவது சாரமா காலா என்று எனக்குப் புரியவில்லை.

"ஒண்ணும் இல்ல! காஞ்சு கெடக்கு! எறங்கி வாங்க!" என்று கத்திவிட்டேன்.

இறங்கி வந்தார். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா அந்த முகத்தில்! எனக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீர் காலை வரை அப்படியே நிற்கட்டும் என்று விட்டுவிட்டார். நான் போய்ச் சொட்டுக்கு நேராக ஒரு வாளியை வைத்து, சத்தம் கேட்காமல் இருக்க உள்ளே பழைய துண்டை மடித்துப் போட்டேன். அவர் அந்த அறைக்குள் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். நீ போனதிலிருந்து அவர் அந்த வாசற்படியைத் தாண்டுவதில்லை. வீட்டை விற்றுவிடலாம் என்று நீ சொன்னது ஒரு பக்கம். அவர் உன்னிடம் சொன்ன பதில் ஒரு பக்கம். "ஃபாக்டரில குறை இருக்கறத எடுத்துத் தூரப் போடறதுதான் உன் வேலை, அதயே இங்கயும் பண்ணு" என்று சொன்னாரே, அதற்குப் பிறகு அவரும் சரியாகத் தூங்கவில்லை. நீ நம்பமாட்டாய்.

காலையில் மேலே ஏறினார். முந்தின நாளே தையல் சாக்பீஸால் தண்ணீர் மட்டத்துக்குத் தகட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறார்! சட்டை உயரம் அளப்பவருக்கு இது சொல்லித் தரவேண்டுமா? தண்ணீர் கோட்டை விட்டு வெகுவாக இறங்கியிருந்ததாம். "எங்க சொட்டுச்சு?" என்று மட்டும் கேட்டார். "அவ ரூம்ல" என்றேன். வாசற்படி வரை போய், அங்கேயே நின்று, அண்ணாந்து பார்த்தார். பிறகு திரும்பாமலே, "கீழ இருக்கறவங்க பொய் சொன்னா மேல இருக்கறவன் என்ன பண்ணுவான்?" என்றார்.

அதிலிருந்து எனக்கு அந்த வேலை இல்லை. இப்போது எல்லாம் அவரே. மேலே ஏறித் தண்ணீர் ஊற்றுகிறார், இறங்கி வந்து உன் வாசற்படியில் நின்று பார்க்கிறார், மறுபடியும் ஏறுகிறார். இறக்கி வைக்கலாம் என்று நான் சொன்ன பொய், அவரை இரண்டு மடங்கு ஏற வைத்துவிட்டது. நேற்று இறங்கும்போது ஏணியின் நடுவில் நின்று, கண்ணை மூடி, நெற்றியை ஏணியின் கட்டையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். கரண்டியோடு ஓடி வந்து ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு பயமாக இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
வேலையிலிருந்து நீக்கப்பட்ட உன் அம்மா


அன்புள்ள மகளுக்கு,

இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது உட்கார்ந்து படி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் உட்கார்ந்து படி.

நான் சாரத்தில் ஏறினேன்.

சிரிக்காதே. அவர் மூட்டுகளை மறுபடியும் பற்றவைத்து முடித்துவிட்டு, கடைசிச் சோதனைக்குக் குடத்தில் தண்ணீர் பிடிக்கப் பின்பக்கம் போனார். நான் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறிவிட்டேன். நாற்காலியில் ஏறிப் பரணில் பாத்திரம் எடுக்கவே உன்னைக் கூப்பிடுகிறவள் நான். அவர் வந்து பார்த்து, குடத்தைக் கீழே வைத்துவிட்டு, போட்டார் ஒரு சத்தம்! "பைத்தியமா உனக்கு? எறங்கு!" என்றார். நான் இறங்குவதாக இல்லை. "கயித்துல குடத்தக் கட்டி விடுங்க. நான் ஊத்தறேன். நீங்க உள்ள போய்ப் பாருங்க. வாசல்ல நின்னா ஜன்னல் ஓரம் சரியாத் தெரியாது, உள்ளயே போங்க" என்றேன். எனக்கு அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பயத்தில் வந்த தைரியம்தான்.

மேலே நின்றால் ஒன்று தெரிகிறது. வாய்க்கால் பளபளவென்று கிடக்கிறது, மூட்டுகள் எல்லாம் உள்தையல் மாதிரி மடித்து அழுத்தி இருக்கின்றன. அது இருக்கட்டும். அங்கிருந்து பார்த்தால் தெருமுனையில் பஸ் நிற்கும் இடம் நேராகத் தெரிகிறது. ஊருக்கு வெளியிலிருந்து வரும் பஸ் வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போவது வரை எல்லாம் தெரிகிறது. சுத்தியல் சத்தம் எதற்கு அப்படி நடுநடுவே நிற்கிறது என்று இத்தனை நாள் கீழே இருந்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு ஓடினேனே, அந்த நேரத்தில் எல்லாம் அவர் இதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கையில் குடம் இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை.

ஊற்றினேன். வாய்க்கால் நிறைந்தது. நீ போன பிறகு முதல் தடவையாக உன் அறைக்குள் அவர் காலடிச் சத்தம் கேட்டது. "என்னங்க, இருக்கா?" என்று கேட்டேன். உள்ளே இருந்து குரல் வந்தது: "ஒண்ணும் இல்ல! காஞ்சு கெடக்கு! நீ மொதல்ல எறங்கு!"

எப்படி இறங்கினேன் என்று கேட்காதே. கால் தரையில் பட்டதும் நேராக உன் அறைக்குப் போனேன். ஜன்னல் ஓரமாகச் சுவரில் சாய்ந்த மாதிரி நின்றுகொண்டிருந்தார். தரை காய்ந்துதான் இருந்தது. மேற்கூரையை நான் பார்த்துவிடக் கூடாது என்று, "கை சிராய்ச்சுதா? காட்டு" என்று என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் சட்டையின் இடது தோள் மட்டும் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. என்ன இது என்றேன். வேர்வை என்றார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதில், ஒரு தோளில் மட்டும் வேர்க்கிற மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு சொட்டு அதே தோளில் விழுந்தது. அவரும் அசையவில்லை, நானும் பார்க்கவில்லை. துண்டை எடுத்து வந்து துடைத்துவிட்டேன்.

மறுநாள் நானே விசில்காரர் வீட்டுக்குப் போய், எல்லாவற்றையும் சொல்லிக் கெஞ்சினேன். சிரித்துவிட்டார் மனிதர். வருகிறேன் என்றார். மூட்டுக்கு இடம் விடுகிற விஷயத்தில் பெரியவர் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது, ஆனால் பற்றவைக்கிறது என் வேலை, அவர் ஏணியைத் தொடக் கூடாது என்றார். உன் அப்பாவும் ஒத்துக்கொண்டார். ஆனால் விசில்காரர் ஒரு நிபந்தனை போட்டுவிட்டார். "நான் மேல இருந்து ஊத்தறப்ப, கீழ உங்க ரெண்டு பேர்ல யாரு நின்னாலும் நான் நம்ப மாட்டேன். உண்மையச் சொல்ற ஆளா ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அப்படி ஓர் ஆள் இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், நீயே சொல். அவர் என்னை இறக்கப் பொய் சொல்கிறார், நான் அவரை இறக்கப் பொய் சொல்கிறேன். நீ ஒருத்திதான் எங்கள் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துச் சொல்வாய். வீட்டை விற்கச் சொன்னதும் அப்படிப் பார்த்துத்தான் சொன்னாய் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அவருக்கும் தோன்றுகிறது என்றுதான் நினைக்கிறேன். விசில்காரர் சொன்னதை அவரிடம் சொன்னபோது, செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "அவளுக்கு லீவு கெடைக்குமோ என்னமோ" என்றார்.

வந்து பார்த்துவிட்டு, விற்கத்தான் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் அதையும் சொல். சத்தமாகச் சொல். கேட்டுக்கொள்கிறோம்.

மழை எந்த நேரமும் வரலாம். உன் கட்டிலை ஜன்னலிலிருந்து தள்ளிப் போட்டிருக்கிறேன், படுக்கை நனையாது. வாளிக்குள் துண்டு போடவில்லை. சொட்டு விழுந்தால் வீடு முழுக்கக் கேட்கிறது. கேட்கட்டும்.

நோய் நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். உன் கண்ணுக்கு ஒரு குறையும் வரக் கூடாது. பஸ்ஸில் வா. அப்பா சாரத்தில் இல்லை, இப்போது வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார். அங்கிருந்து தெருமுனை தெரியாது.

அன்புடன்,
அம்மா