விமானி ஹார்வூட்டும் அண்ணாவின் லொறி வேலையும்

ஓலைத்தொடுவாய்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மில்ரன் அண்ணாவுக்கு, அம்மா சொல்ல ஜெசிக்கா எழுதுவது. மடு மாதாவின் கிருபையால் நாங்கள் எல்லோரும் நலம், அம்மாவின் கோபமும் நலம். உங்களோடு போனில் கதைக்க மாட்டேன் என்று அவர் நிற்பதால்தான் இந்தக் கடிதம். எழுதி முடிந்ததும் படமெடுத்து அனுப்புவேன்.

கனடாவில் புது லொறிகளை முதன்முதலாக ஓட்டிப் பார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது, அம்மா சம்மதித்தால் திங்கட்கிழமை சேருவேன் என்றீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'சோதனை ஓட்டம்' என்று ஒரு சொல்லையும் சொன்னீர்கள். சோதனை என்றால் எனக்குப் பள்ளிக்கூடச் சோதனை, அப்பாவுக்கு ஆமிக்காரன் பஸ்ஸை மறித்துப் பையைக் கொட்டுவது, அம்மாவுக்கோ தினமும் செபிக்கிற பரலோக மந்திரத்தில் வருவது. "சோதனையில விழவிடாதேயும் எண்டு நான் நெடுக முழங்கால்ல நிண்டு கேக்கிறன், இவன் அதுக்குச் சம்பளம் வாங்கப் போறானாம்" என்று அன்றைக்குத் தொடங்கியவர்தான்.

அவரைத் தேற்றலாம் என்று பள்ளிக்கூட நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்து வந்தேன். ஹார்வூட் என்ற ஆங்கிலேய விமானியின் வரலாறு. உலக யுத்தத்தில் பதினேழு எதிரி விமானங்களை விழுத்தியவர், யுத்தம் முடிந்ததும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, அதுவரை யாருமே ஏறாத புது விமானங்களைப் பறக்கவிட்டுப் பார்த்தவர், தொண்ணூறு வயதில் கட்டிலில் காலமானவர். அந்தக் கடைசி வரியை மட்டும் நான் வாசித்திருக்க வேண்டும். முதலிலிருந்து வாசித்தேன். ஒரு அதிகாரத்தில் இறக்கை முறிந்தது, அடுத்ததில் விமானத்தின் சில்லு வெளியே வராமல் அதன் வயிற்றால் தரையிறங்கினார், அதற்கடுத்ததில் தீப்பிடித்தது. அம்மா மீன் வெட்டுவதை நிறுத்திவிட்டு, "சண்டையில தப்பின மனுசன் பிறகெண்டாலும் வீட்டில இருந்திருக்கலாம்தானே, பெத்தவள் என்ன பாடு பட்டிருப்பாள்" என்றார். கடற்தொழிலுக்கு வந்திருந்தால் அந்தாளுக்கு இந்த ஆபத்தெல்லாம் இல்லை என்று அப்பா சொல்லி, அவரும் ஏச்சு வாங்கினார்.

நேற்று எட்டாம் அதிகாரம். ஹார்வூட் ஒரு புது விமானத்தில் ஏறி, எஞ்சின் சத்தம் பிழை என்று இறங்கிவிட்டார். முதலாளிமார் கத்தினார்கள், கோழை என்றார்கள், அவர் அசையவில்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே வெடிப்பு. பின்னால் அதில் ஏறவிருந்தவர்கள் எல்லோரும் அவரால் பிழைத்தார்கள். அந்த இடத்தை அம்மா இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு, "அப்ப பறக்கிறதில்ல, பழுது சொல்லுறதுதான் அந்தாளின்ர வேலையோ" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப இவன் போகட்டும். நான் காய்ச்சின கறியில ஒரு நாளெண்டாலும் பழுது சொல்லாம எழும்பினவனே?" என்றார்.

இனி அவர் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். மகன், வேலைக்குப் போ. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, லொறியில் ஏறியதும் திறந்து வை. மேலே இருக்கிறவர்கள் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் பழுதென்றால் பழுதென்று சொல்லி இறங்கிவிடு. எனக்குச் சொன்ன மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்லு, அவர்களுக்கு விளங்கும். வேலை போனால் போகட்டும், நீ முழுதாக இருக்க வேண்டும். மாதா உன் பக்கத்து சீற்றில் இருப்பாள், அவளுக்கும் பெல்ற் போட்டுவிடு.

கோபம் தீர்ந்த அம்மா,
றோசம்மா
(எழுதியது ஜெசிக்கா)