துரைக்கு இலை போடாதீர்கள்

என் கோபம் எட்டாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்ட அன்பு மனிதரே,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. நம் நாய் துரை இன்னும் இருக்கிறான், நீங்கள் ஊட்டி வளர்த்த தொப்பையோடு. காலையில் எழுந்து நிற்க அவன் படும் பாட்டைப் பார்த்தால் உங்கள் மேல்தான் எரிச்சல் வருகிறது. ஓடைப்பட்டியில் நாய்க்குத் தினமும் டீக்கடை பன்னும் பாலும் வாங்கிக் கொடுத்த ஆள் வேறு யாராவது உண்டா? கேட்டால், "வாயில்லாச் சீவன், திங்கட்டும் விடு" என்பீர்கள். இப்போது அந்தச் சீவனுக்குப் பின்னங்கால் மூட்டு இரண்டும் தேய்ந்துவிட்டன.

ஆட்டோவில் ஏற்றி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். நீங்கள் மிச்சம் வைத்த மூட்டுவலி மாத்திரையைக் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு டாக்டரம்மா அதட்டினார்: "மனுச மாத்திரை எதையும் குடுத்துராதீங்க, உசுருக்கே ஆபத்து. மொதல்ல எடையக் குறைங்க. அதைவிட மலிவான வைத்தியம் கெடையாது."

நீங்கள் பெருமைக்குப் போட்ட டைல்ஸில் அவன் கால் வழுக்குகிறது. அதனால் வீடு முழுக்கச் சாக்கு விரித்திருக்கிறேன். பார்க்க மண்டிக்கடை மாதிரிதான் இருக்கிறது, இருக்கட்டும். வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுக்கிறேன். வெயில் ஏறுமுன் திராட்சைத் தோட்டம்வரை மெல்ல நடத்திக் கூட்டி வருகிறேன்.

எல்லாவற்றையும் கெடுப்பது உங்கள் அக்காதான். கருமாதி அன்று காக்கைக்கு வைத்த சோற்றைத் துரை முந்திக்கொண்டு தின்றுவிட்டான், இல்லையா? அன்றிலிருந்து அவருக்கு அவன்தான் நீங்கள். அமாவாசை தவறாமல் தூக்குவாளியில் வடையும் பாயசமும் வந்தன. உயிரோடு இருந்தபோது உங்களுக்கு ஒரு வாய் காபி கொடுக்காதவருக்கு இந்தப் பாசம் எங்கிருந்து வந்தது? சில மாதமாக வாளியை அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

நேற்று உங்கள் திவசம். உங்கள் அக்கா துரைக்கென்று தனி இலை போட்டுப் பரிமாறினார். நான் இலையோடு சுருட்டி எடுத்துவிட்டேன்.

"ஏன்டி, எந்தம்பி பசியோட வந்து நிக்கிறான்டி! ஒரு வாய் சோறு போட மாட்டியா?"

"பசிச்சா அவுக எங்கிட்ட வந்து கேக்கட்டும் மதினி. இங்கன நிக்கிறது நாயி. அதுக்குக் கால் வலிக்குது."

கல்நெஞ்சுக்காரி என்று திட்டிவிட்டுக் கிளம்பினார். வந்தவர்கள் எல்லாரும் என்னை முறைத்தார்கள். துரையும் சேர்ந்து முறைத்தான்.

உங்களுக்கும் டாக்டர் இதையேதான் சொன்னார். சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, வாயைக் கட்டுங்கள் என்றார். பாயசக் கிண்ணத்தை நான் ஒளித்து வைத்தால் பக்கத்து வீட்டில் போய்க் குடித்துவிட்டு வந்தீர்கள். என்னை இப்படித் தனியாக விட்டுப் போக உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

இன்று காலை துரை யாரும் தூக்கிவிடாமல் தானே எழுந்து வாசலுக்கு வந்தான். நான் அழுதேன், அதையும் உங்களிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்த திவசத்துக்கும் அவன் தட்டில் அளவுச் சோறும் வெந்த பூசணிக்காயும்தான் விழும். இது சத்தியம். நீங்கள் அவன் உருவில் வந்தால் பட்டினியாகத்தான் திரும்புவீர்கள். உங்களைத்தான் தடுக்க முடியவில்லை. இவனையாவது விடமாட்டேன்.

உங்களோடு இன்னும் சண்டை முடியாத
உங்கள் பெண்டாட்டி