முள்ளுக்குக் கட்டின வீடு

திருப்பாலைக்குடி விலக்கு,
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் வினோத்துக்கு அம்மா முருகலட்சுமி எழுதுவது. இங்கே நான், உங்க அய்யா, உன் பெண்டாட்டி யுவராணி, ஆடு இரண்டு, எல்லோரும் மேலுக்கு ஒரு நோவும் இல்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்கக் காளியாத்தா துணை நிற்கட்டும். செடிகளின் சுகத்தை மட்டும் இதில் சேர்க்க முடியாது, அதைக் கீழே எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், சிரிக்கிறதென்றால் கூட இருக்கிற பயல்களுக்குக் கேட்காமல் சிரி. போன வெள்ளிக்கிழமை வீடியோவில் சிவப்பாக ஒரு அந்தூரியம் பூ காட்டினேனே, நீ கூட ‘என்னம்மா இப்படிப் பளபளங்குது, அய்யாவுக்குக் கைராசிதேன்’ என்று சொன்னாயே, அது பிளாஸ்டிக். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஃபேன்சி கடையில் நானும் யுவராணியும் வாங்கினது. கடைக்காரர் ‘வாரத்துக்கு ஒருக்கா தொடச்சா போதும்க்கா, வருசக்கணக்கா நிக்கும்’ என்றார், நீ அனுப்பின செடிகளில் ஒன்றைப் பற்றியாவது யாராவது இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்களா. நிசப் பூ வைகாசிக் கடைசியிலேயே கருகிவிட்டது. அன்றைக்கு உங்க அய்யா பரமக்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், திரும்பி வருவதற்குள் அதே தொட்டியில் இதை ஊன்றிவிட்டோம். அவருக்கு இன்னும் தெரியாது. நீ பாராட்டின மறுநாளிலிருந்து அதற்கு இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிறார், நானும் தடுக்கவில்லை, அந்தச் செடி வீட்டில் தண்ணீரால் கெடாதது அது ஒன்றுதான். இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். நீ கூப்பிட்டால் உங்க அய்யா போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருகிறார், பிறகு நான் எதைச் சொல்ல. நெய்னா முகம்மது அண்ணன் மகன் அஃப்ரித் லீவு முடிந்து நாளைக்கு மஸ்கட்டுக்கே திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நீ மாசி மாதம் சொன்னதை நான் மறக்கவில்லை. ‘இங்கன கண்ணாடி வீட்டுல கள்ளியும் இலைச்செடியும் வளக்குற வேலையை நம்ம கொல்லையிலயே பாக்கலாம்மா, நீங்க சும்மா ஒரு சின்ன வீடு கட்டி நான் அனுப்புற செடியை வச்சுப் பாருங்க, இந்தக் கோடையைத் தாண்டிருச்சுன்னா நான் ஒரேயடியா வந்து நர்சரி போட்டுர்றேன், தாண்டலைன்னா இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுர்றேன், ஆடி பெறக்குறதுக்குள்ள கம்பெனியில சொல்லணும்’ என்றாய். உங்க அய்யா அதற்கு ‘ஒன் இஷ்டம்லே’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மனுசனுக்கு அக்கறையே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். மறுநாள் விடிந்து பார்த்தால் கொல்லையில் சவுக்குக் கம்பு கிடக்கிறது, குழி தோண்டுகிறார், குழிக்குள் நின்று என்னைப் பார்த்து ‘வேலை இல்லாம நிக்கிறதுக்கு அந்தக் கடப்பாரையை எடுத்துத் தா’ என்கிறார்.

எனக்கு முதல் நாளிலிருந்தே இந்த வீடு விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை. குளிர்ந்த தேசத்தில் வெயிலை உள்ளே பிடித்து வைக்கக் கட்டுகிறது இது என்று நீயே சொல்கிறாய். நம் ஊரில் வெயிலை யாராவது பிடித்து வைப்பார்களா, இந்தா கொண்டு போ என்று கொடுக்கத்தான் ஆள் தேடுகிறோம். கேட்டால் மேலே பச்சை வலை போடு, நிழலாகும், பக்கத்தைத் திறந்து விடு, காற்று வரும் என்றாய். திறந்தால் மேற்கேயிருந்து கச்சான் காற்று மண்ணை வாரிக் கொட்டுகிறது, மூடினால் உள்ளே அடுப்பு. உங்க அய்யா காலையில் திறப்பார், நான் பத்து மணிக்கு மூடுவேன், யுவராணி மத்தியானம் பாதி திறப்பாள். கதவை வேறு குட்டையாக வைத்துவிட்டார், கோயில் கருவறைக்குள் போகிற மாதிரி குனிந்துதான் போக வேண்டும். ஒரு தடவை தெரியாமல் கூழ் வத்தல் தட்டை உள்ளே வைத்துவிட்டு வந்தேன், சாயங்காலத்துக்குள் கலகலவென்று காய்ந்து கிடந்தது, வாழ்நாளில் அப்படி வத்தல் காய்ந்து நான் பார்த்ததில்லை. அதற்காகவே நீ வந்து இதை வத்தல் கம்பெனியாக ஆக்கினாலும் எனக்குச் சம்மதம். பக்கத்து வீட்டிலிருந்து இருளம்மாள் அத்தை, அதுதான் உங்க அய்யாவின் அக்கா, வேலி மேல் கையை வைத்துக்கொண்டு, ‘ஏண்டி முருகு, ஊரே கருவேலத்தை வெட்டிக் கரி மூட்டம் போட்டும் முள்ளை ஒழிக்க முடியாமக் கெடக்கு, நீங்க முள்ளுக்கு மாளிகை கட்டுறீகளாக்கும்’ என்றார்கள். உங்க அய்யா திரும்பிப் பார்க்காமல் ‘அது காட்டு முள்ளு அக்கா, இது படிச்ச முள்ளு’ என்றார். அதற்குப் பிறகு அத்தை தினமும் வந்து படித்த முள் என்ன வேலைக்குப் போயிருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

நீ சொல்லிவிட்டுப் பெங்களூரிலிருந்து பெட்டியில் செடி வந்த அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் பிரித்து, பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்கிற மாதிரி, நெட்டையை எல்லாம் பின்னாலும் குட்டையை எல்லாம் முன்னாலும் வைத்தோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நீ ராத்திரி வீடியோவில் பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்தாய். கள்ளி காய்ந்து கிடக்க வேண்டும், மாதத்துக்கு ஒரு தடவை தண்ணீர் போதும், இலைச்செடிக்குக் காற்றே ஈரமாக இருக்க வேண்டும், இரண்டையும் பிரித்து வைங்க என்றாய். ஒரு கூரைக்குள்ளே ஒருத்திக்குச் சுடுசோறும் ஒருத்திக்குப் பழைய சோறும் ஆக்கிப் போடுகிற கதைதான் என்று சொல்லிக்கொண்டே நடுவில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டோம். சாக்கிலிருந்து ஈரம் எந்தப் பக்கம் போகிறது என்று அந்தச் சாக்குக்குத்தான் தெரியும்.

இனிமேல்தான் விசயம். சித்திரை பாதியில் ஒரு கள்ளி தொட்டால் அமுங்கியது, பழுத்த பப்பாளி மாதிரி. இரண்டாம் நாள் தானாகவே சாய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக. உங்க அய்யா சுற்றிலும் கட்டின பாலித்தீன் தாள் மட்டமானது என்றார், நான் இருளம்மாள் அத்தையின் கண் என்றேன், யுவராணி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாசல் பெருக்கப் போனாள். ஒரு நாள் மத்தியானம், அந்த வெயிலில் அதற்கும் நா வறளாதா என்று எனக்குப் பொறுக்கவில்லை, ஒரு சொம்புத் தண்ணீரை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு குனிந்து உள்ளே போனேன். உள்ளே யுவராணி மக்கில் தண்ணீரோடு நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் உங்க அய்யா பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டு குத்தவைத்திருக்கிறார். மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். உங்க அய்யாதான் முதலில் வாய் திறந்தார், ‘சும்மா பாக்கலாம்னு வந்தேன்’ என்றார், பாட்டிலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. யுவராணி தலைக்கு ஊற்ற எடுத்து வைத்திருந்த நல்ல தண்ணீரைக் கொண்டு வந்திருந்தாள், ‘பாவமா இருந்துச்சு அத்தை’ என்றாள். விசாரித்தால் மூன்று பேரும் சித்திரை முழுக்க இப்படித்தான் நடந்திருக்கிறோம், ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாமல், அதுவும் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற காவிரித் தண்ணீரை. வெளிநாட்டு மகாராணி என்று கள்ளிக்குக் காவிரியை ஊற்றிவிட்டு, இலைச்செடிதானே என்று அதற்கு உப்புக் கரிக்கிற போர் தண்ணீரை ஊற்றினோம். கள்ளி அழுகியது, இலை உப்பில் கருகியது. தண்ணியில்லாக் காடு என்று உத்தியோகக்காரர்கள் மாற்றல் வந்தாலே அழுகிற ஜில்லாவில், தண்ணீர் அதிகமாகிச் செத்த உயிர் உன் கள்ளியாகத்தான் இருக்கும் மகனே. எங்களைத் திட்டாதே. அது பிழைத்தால் நீ வருவாய் என்று நீதானே சொன்னாய், பிறகு எப்படிச் சும்மா இருப்பது.

இதில் எனக்கு இன்னொரு குழப்பம். காளி கோயிலில் விளக்குப் போட்டுவிட்டு என்ன கேட்கிறது என்று தெரியாமல் நின்றேன். செடி பிழைக்கட்டும் என்று கேட்டால் நீ மாதாமாதம் கிடைக்கிற வேலையை விட்டுவிட்டு வந்து இந்த உப்புக் காற்றில் செடி விற்றுக்கொண்டு நிற்பாய், விற்காவிட்டால் என் வேண்டுதலே உனக்குக் கெடுதலாகிவிடும். செடி போகட்டும் என்று கேட்க வாய் வரவில்லை. யுவராணி உன் சட்டைகளை வாரத்துக்கு ஒரு தடவை துவைத்துக் காயப்போடுகிறாள், யாரும் போடாத சட்டை எப்படியடி அழுக்காகிறது என்று கேட்டால் ‘தூசி அத்தை’ என்கிறாள். அதையும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். கடைசியில் ‘ஒனக்கே தெரியும்’ என்று ஆத்தா தலையில் போட்டுவிட்டுத் திருநீற்றைப் பூசிக்கொண்டு வந்தேன்.

ஆத்தா அதற்குச் செய்தது இன்னும் குழப்பமாக இருக்கிறது. போன வாரம் செத்த தொட்டிகளை எல்லாம் வெளியே எடுத்துப் போடும்போது, மூலையில் மணல் மூட்டைக்குப் பின்னால் ஒரு கள்ளி கிடந்தது. உருண்டையாக, பச்சைப்பசேல் என்று, முள்ளெல்லாம் மஞ்சளாக, சின்னப் பிள்ளையில் நீ இருந்த மாதிரி. முதல் நாள் அடுக்கும்போதே உருண்டு போயிருக்கிறது, யார் கண்ணிலும் படவில்லை, யாரும் ஒரு சொட்டு ஊற்றவில்லை. விழுந்து விழுந்து கவனித்தது எல்லாம் போய்விட்டது, கவனிக்காமல் விட்டது கும்மென்று இருக்கிறது. இதிலிருந்து நான் என்னத்தை விளங்கிக்கொள்வது. உன்னைத் தூரத்திலேயே விட்டுவைத்தால்தான் நன்றாக இருப்பாயா, நீ வந்து சேர்ந்தால் உன்னையும் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஊற்றி ஊற்றி அழுகடித்துவிடுவோமா, எனக்குத் தெரியவில்லை. நான் ஐந்தாவதோடு நின்றவள், பத்து வருசமாகக் கண்ணாடி வீட்டுக்குள்ளேயே இருக்கிற நீதான் சொல்ல வேண்டும். உங்க அய்யா மட்டும் தெளிவாக இருக்கிறார், ஒரு செடி கோடையைத் தாண்டினாலும் தாண்டினதுதானே என்கிறார். வாழ்நாளில் அவர் உன்னை ‘வா’ என்று கூப்பிட்டுப் பார்த்ததில்லை, இதையும் உன்னிடம் சொல்ல மாட்டார், அதனால் நான் எழுதிவிட்டேன்.

என் புத்திக்கு எட்டினதைச் சொல்கிறேன், கேட்டால் கேள். வருவதென்றால் வா, இருப்பதென்றால் இரு, அதை ஒரு கள்ளியின் தலையில் வைக்காதே, அதன் தலையில் ஏற்கெனவே விரல் வைக்க இடமில்லை. நீ வந்து ஊற்றும் தண்ணீரை நீயே அளந்து ஊற்றினால் எல்லாம் பிழைக்கும் என்றுதான் யுவராணி சொல்கிறாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது, ஆனால் நான் சொல்லித்தான் வந்தாய் என்று நாளைக்கு ஆகிவிடக் கூடாது. கையெழுத்துப் போடுகிறதுக்கு முன்னால் யுவராணியிடம் தனியாக ஒரு தடவை பேசு, ஸ்பீக்கரில் இல்லாமல்.

அஃப்ரித்திடம் கருப்பட்டி கொடுத்திருக்கிறேன், பொட்டலம் இளைத்திருந்தால் அவன் வயிற்றைப் பார்த்தாலே தெரியும். கருவாடு கொடுக்கவில்லை, போன தடவை விமானத்தில் பக்கத்து ஸீட்டுக்காரர் இடம் மாறி உட்கார்ந்தாராமே. வெயிலில் தலையில் துண்டு இல்லாமல் திரியாதே, வாரத்துக்கு ஒரு நாளாவது எண்ணெய் தேய்த்துக் குளி. அடுத்த வீடியோவில் அந்தச் சிவப்புப் பூவைக் காட்டினால் ஒன்றும் தெரியாதவன் மாதிரி இரு, ரொம்பப் பாராட்டாதே, மூன்று வேளை ஊற்ற ஆரம்பித்துவிடுவார். நீ நோய்நொடி இல்லாமல், நினைத்தது கூடி, நினைக்காத நல்லதும் சேர்ந்து நடக்க என் வயிற்றிலிருந்து வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு, உன்னைப் பெற்று இன்னும் தெளியாத
அம்மா முருகலட்சுமி.

பின்குறிப்பு: கவரை ஒட்ட எடுக்கும்போது கச்சான் காற்று ஒரு சுழற்றுச் சுழற்றியது. செடி வீட்டின் கூரை வலையோடும் கயிற்றோடும் கழன்று, வேலியைத் தாண்டிப் போய், விலக்கு ஸ்டாப்பில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்த தொண்டி பஸ்ஸின் பின்பக்க ஏணியில் மாட்டிக்கொண்டது. உங்க அய்யா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். கூரை தொண்டிக்குப் போயிருக்கிறது. கம்புகள் நிற்கின்றன. அய்யா திரும்பி வந்து, குடையை விரித்து, அந்த ஒரு கள்ளிக்கு மேலே பிடித்துக்கொண்டு குத்தவைத்திருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டேன். ‘பஸ்ஸு மூணு மணிக்குத் திரும்பி வந்துரும், அது வரைக்கும் நான் பிடிச்சுக்கிடுறேன், நீ போய்ச் சாப்பிடு’ என்றார்.